பூக்களை வாடாமல் வைத்த பட்டாளத்து டாக்டர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வட்டாரத்தில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. வரிசை வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அந்தத் தொழிற்சாலைகளுக்கு நடுவே உள்ள பழைய ஊர்களில் ஒன்று வடக்குப்பட்டு.

மதில் சுவர்கள் எத்தனை உயர்ந்தாலும், காலி நிலம் ஒரு முழம் கிடைத்தால் போதும். அங்கே ஆவாரை மஞ்சளாகப் பூத்துவிடும். எருக்கு முளைத்துவிடும். அந்த எருக்க இலையில் வரிப் புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். சில நாள் கழித்து அதே புழு செம்மஞ்சள் சிறகு முளைத்துப் பட்டாம்பூச்சியாகப் பறந்துபோகும்.

இவற்றைப் பார்க்காத தமிழர் இல்லை. ஆனால், பார்த்ததைப் படமாக எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

பறித்த பூ மாலைக்குள் வாடிவிடும். இலை இரண்டு நாளில் சருகாகும். அப்படி வாடிப்போகும் பூக்களைக் காகிதத்தில் வாடாமல் நிறுத்த வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தார். அதற்காகவே 30 ஆண்டுக்கு மேல் உழைத்தார். தென்னாட்டுச் செடிகளில் 2,101 படங்களை அச்சில் ஏற்றிய பிறகுதான் ஊர் திரும்பினார்.

அவர் பெயர் ராபர்ட் வைட். பிறந்தது ஸ்காட்லாந்து. தொழில் வைத்தியம். உலகமெங்கும் செடிநூல் படித்தவர்கள் அனைவரும் அறிந்த பெயர் அது.

அவருக்குக் கையாக இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் இந்த நாட்டு ஓவியர்கள். ஒருவர் பெயர் ரங்கையா. மற்றவர் பெயர் கோவிந்து.

கப்பல் ஏறிய டாக்டர்

ராபர்ட் வைட் 1796-ஆம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பிறந்தார். தகப்பனார் எடின்பரோ நகரத்தில் வக்கீல். பெரிய குடும்பம். வீட்டில் பிள்ளைகள் அதிகம்.

வைட் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தார். 1818-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் மருந்துகளில் பெரும்பகுதி செடிகளிலிருந்துதான் கிடைத்தது. ஆகையால் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் செடிநூலும் படிக்க வேண்டும். வைட்டுக்கு அந்தப் படிப்பின்மீது தனி ஆசை பிறந்தது.

1819-இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். பட்டாளத்தில் உதவி டாக்டர் வேலை. அப்போது வயது 23.

பட்டாளத்து டாக்டரின் நாள் எப்படிக் கழியும்? காலையில் நோயாளிச் சிப்பாய்களைப் பார்க்க வேண்டும். பட்டாளம் நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். மற்ற அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் வேட்டைக்குப் போனார்கள், சீட்டாடினார்கள். வைட் செடி தேடப் போனார். ஆட்களை அமர்த்தி, சுற்றுவட்டாரத்துச் செடிகளைக் கொண்டுவரச் செய்தார்.

கொண்டுவந்த செடிகளைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்தார். பிறகு அவற்றை மூட்டை கட்டினார். எடின்பரோவில் இருந்த செடிநூல் ஆசிரியர் கிரகாமுக்குக் கப்பலில் அனுப்பினார்.

அந்தக் கப்பல் ஊர் போய்ச் சேரவில்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில், நன்னம்பிக்கை முனைக்கு அருகே அது உடைந்து மூழ்கியது. எத்தனையோ நாள் உழைப்பு கடலுக்குள் போய்விட்டது.

வேறொருவராயிருந்தால் அத்தோடு விட்டிருப்பார். வைட் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

படம் எதற்கு?

செடியைத்தான் காயவைத்து அனுப்பலாமே, படம் எதற்கு என்று கேட்கலாம்.

காய்ந்த செடிக்கு நிறம் போய்விடும். பூ நசுங்கிவிடும். சதைப்பற்றுள்ள இலை அழுகிவிடும். போதாததற்குப் பூச்சிகள் வேறு. காகிதக் கட்டுக்குள் வண்டு புகுந்தால் செடி தூளாகும். கரையான் புகுந்தால் காகிதமும் போகும்.

படத்துக்கு அந்தக் கஷ்டம் குறைவு. ஒரு படம் அச்சாகிவிட்டால் நூறு ஊர்களில் நூறு பேர் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கலாம். எங்கோ ஒருவர் காட்டில் ஒரு செடியைக் கண்டால், படத்தோடு ஒப்பிட்டு அது இன்ன செடி என்று சொல்லிவிடலாம்.

புகைப்படக் கருவி பரவாத காலம் அது. ஓவியரின் கண்ணும் கையும்தான் கருவி.

இந்த வேலையை உலகில் பலர் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்ற பெண்மணி அவர்களில் ஒருவர். 1699-இல், தம் 52-ஆவது வயதில், மகளையும் அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்குக் கப்பல் ஏறினார். அங்கே புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி ஆகிய மூன்றையும், அவை வாழும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். 1705-இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. எருக்க இலையும் அதைத் தின்னும் புழுவும் பிரிக்க முடியாத உறவு கொண்டவை என்பதைப் படத்தால் காட்டியவர் போல, அந்த நாட்டுச் செடிகளையும் பூச்சிகளையும் அவர் காட்டினார்.

நம் தமிழ்நாட்டுக் கரையிலும் இந்த ஆராய்ச்சிக்கு நெடுநாள் வேர் உண்டு. 1768-இல் தரங்கம்பாடிக்கு ஜோஹன் கெர்ஹார்டு கோனிக் என்ற டாக்டர் வந்தார். செடிகளுக்கும் பிராணிகளுக்கும் பெயர் வைக்கும் முறையை வகுத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் மாணவர் அவர். செடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தஞ்சைச் சீமைக் கரையான்கள் புற்றுக் கட்டி வாழும் விதத்தையும் ஆராய்ந்து எழுதினார்.

பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி கோனிக்கைச் சென்னையில் இயற்கை ஆராய்ச்சி நிபுணராக நியமித்தது. அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த பாட்ரிக் ரஸ்ஸல் பாம்புகளைப் படத்தோடு விளக்கிப் புத்தகம் போட்டார். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் இன்றும் ரஸ்ஸல் விரியன் என்றே அழைக்கிறார்கள். அவருக்கு அடுத்து வந்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. அவர் இந்நாட்டு ஓவியர்களைக் கொண்டு எழுதவைத்த செடிப் படங்களில் 300 படங்கள், 1795 முதல் 1820 வரை மூன்று பெரும் தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தன.

1826-இல் அதே பதவி காலியாயிற்று. அது ராபர்ட் வைட்டுக்குக் கிடைத்தது.

ரங்கையாவின் தூரிகை

வைட்டிடம் ரங்கையா வேலைக்குச் சேர்ந்தது ஏறத்தாழ இந்தச் சமயத்தில்தான். அதன்பின் சுமார் 20 ஆண்டுகள் அவர் வைட்டுக்காகவே படம் எழுதினார்.

ரங்கையா பயின்றது நம் நாட்டுச் சித்திர மரபு. சன்னக் கோடு இழுப்பதிலும், வண்ணத்தைச் சமமாகத் தீட்டுவதிலும் அந்த மரபினர் கைதேர்ந்தவர்கள். ஆனால், செடிநூல் படம் வேறு வகை. அதில் அழகு மட்டும் போதாது. கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

ஐந்து இதழ் உள்ள பூவுக்கு ஆறு இதழ் போட்டால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் இல்லை. இலைகள் எதிரெதிராக வருகின்றனவா, மாறி மாறி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இலைக் காம்பின் அடியில் சின்னச் செதில் இருந்தால் அதையும் விடக்கூடாது.

வேலை நடக்கும் விதம் இப்படி.

செடி வாடுவதற்குள் ஓவியர் உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் கிளையின் உருவம். பிறகு இலை, பூ, காய். அதற்குப் பின்தான் கஷ்டமான பகுதி. பூவைக் கத்தியால் பிளந்து, உள்ளே இருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். மகரந்தம் தாங்கும் காம்புகள் எத்தனை? சூல்பையில் அறைகள் எத்தனை? விதை எப்படி ஒட்டியிருக்கிறது? பல பூக்களில் இவை கடுகைவிடச் சிறியவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பெரிதாக்கி, படத்தின் அடியில் தனித்தனியே வரைவார்கள்.

பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் செம்பருத்திப் பூவை நீளவாக்கில் வெட்டிக் காட்டும் படம் உண்டல்லவா? அந்த முறைதான் இது.

டாக்டர் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டினார். ஓவியர் அதைப் பார்த்துக் காகிதத்தில் நிறுத்தினார். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அந்த வேலை முடிந்திருக்காது.

போன உத்தியோகம்

ஆராய்ச்சி நிபுணர் பதவியில் வைட் தென் ஜில்லாக்களில் பெரும் பிரயாணம் செய்தார். ஆயிரக்கணக்கில் செடிகள் சேர்ந்தன. படங்களும் சேர்ந்தன. இனிமேல் வாழ்நாள் முழுவதும் இதே வேலைதான் என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

1828-இல் இடி விழுந்தது.

கம்பெனி செலவைக் குறைக்க முற்பட்டது. அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் லஷிங்டன். இயற்கை ஆராய்ச்சிப் பதவியே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அந்தப் பதவியின் பேரில் சேர்ந்திருந்த செடிகள் லண்டனுக்குக் கப்பல் ஏறின. வைட் மறுபடியும் பட்டாளத்து டாக்டர் ஆனார். நாகப்பட்டினத்துக்கு மாற்றல் ஆயிற்று.

பதவி இல்லை. பணம் இல்லை. ஆராய்ச்சியை நிறுத்திவிட எல்லாக் காரணங்களும் இருந்தன.

வைட் நிறுத்தவில்லை. நாகப்பட்டினத்தில் வைத்தியம் பார்த்த நேரம் போக, தஞ்சைச் சீமையின் வயல் வரப்பிலும் கடற்கரை மணலிலும் செடி சேர்த்தார். ரங்கையாவையும் அனுப்பிவிடவில்லை. சொந்தச் செலவில் படம் எழுதவைத்தார்.

அந்தப் படங்களில் சிலவற்றை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்த பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அந்தக் காலத்தில் பெரிய செடிநூல் அறிஞர். தாமே நல்ல ஓவியரும்கூட. சாதாரணமான படங்களுக்கு மயங்கக்கூடியவர் அல்லர். அப்படிப்பட்டவர் இந்தப் படங்களைத் தாம் நடத்திய பத்திரிகையில் வெளியிட்டார்.

நாகப்பட்டினத்தில் எழுதிய படம் சீமையில் அச்சேறியது!

இரண்டு டன் செடிகள்

1831-இல் வைட்டுக்கு மூன்று வருஷ விடுமுறை கிடைத்தது. கப்பல் ஏறியபோது அவரோடு போன சாமான் என்ன தெரியுமா? காய்ந்த செடிகள். சுமார் ஒரு லட்சம் துண்டுகள். எடை இரண்டு டன். மூவாயிரம், நாலாயிரம் வகைகள் அதில் அடக்கம்.

விடுமுறை என்பது பெயருக்குத்தான். தம் பழைய கல்லூரி நண்பர் வாக்கர் ஆர்னாட்டோடு உட்கார்ந்து அந்த மூட்டைகளைப் பிரித்தார். ஒவ்வொரு செடியையும் வகைப்படுத்தினார்கள். 1834-இல் தென்னிந்தியச் செடிகளைப் பற்றிய நூலின் முதல் பாகம் வெளியாயிற்று.

அந்தப் புத்தகம் அறிஞர்களுக்குப் பெரிதும் உதவியது. ஆனால், அதில் படம் கிடையாது. எழுத்து மட்டும்தான். இரண்டாம் பாகம் வரவேயில்லை. அதற்குள் விடுமுறை தீர்ந்துவிட்டது. வைட் 1834-இல் இந்தியா திரும்பினார்.

பல்லாரியில் இருந்த பட்டாளத்தில் வேலை. சில காலத்தில் அந்தப் பட்டாளத்தைப் பாளையங்கோட்டைக்கு நகரச் சொன்னார்கள். தூரம் 710 மைல். ரயில் இல்லாத காலம். வைட்டும் பட்டாளத்தோடு புறப்பட்டார்.

பட்டாளத்துக்கு அது அலுப்பூட்டும் பிரயாணம். வைட்டுக்கு அது 710 மைல் நீளமுள்ள தோட்டம். வழிநெடுகச் செடி சேர்த்தார். தெற்கே போன பிறகு குற்றால மலை அவரை இழுத்தது. சாரல் விழும் அந்தக் காட்டில் புதுப்புதுச் செடிகள் கிடைத்தன. 1836-இல் இலங்கைக்கும் போய் வந்தார்.

கல்லில் மலர்ந்த பூ

1836-இல் வைட்டின் நிலைமை மாறியது. வருவாய் இலாகாவுக்கு அவரை மாற்றினார்கள். பருத்தி, புகையிலை, நிலாவாரை போன்ற பயிர்களைப் பற்றி ஆராய்ந்து சொல்வது வேலை. வசிக்கும் இடம் சென்னை. 1838-இல் கலியாணமும் ஆயிற்று. மனைவி ரோசா, ஒரு டாக்டரின் மகள்.

அதே 1838-இல்தான் அவருடைய வாழ்க்கையின் பெரும் காரியமும் தொடங்கியது.

படங்களை லண்டனுக்கு அனுப்பி அச்சடித்தால் அதிகச் செலவு. அதிகத் தாமதம். கப்பல் மூழ்கினால் அதுவும் போயிற்று. ஆகவே சென்னையிலேயே அச்சடிப்பது என்று வைட் தீர்மானித்தார்.

அதற்குக் கைகொடுத்தது கல்லச்சு. வைட் பிறந்த அதே 1796-ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியின் பவேரியாவில் செனபெல்டர் என்பவர் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

கல்லச்சின் தத்துவம் எளிது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. வழவழப்பாகத் தேய்த்த ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் எழுதுவார்கள். பிறகு கல்லை ஈரமாக்குவார்கள். கோடு இல்லாத இடம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கோடு உள்ள இடம் தண்ணீரைத் தள்ளிவிடும். மேலே அச்சு மையை உருட்டினால், அது கோட்டில் மட்டும் பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ரெடி.

சொல்வதற்கு எளிது, சென்னையில் செய்வது எளிதாக இல்லை. ரங்கையா இழுத்த மயிரிழைக் கோடு கல்லில் தடித்துவிட்டால் வேலை கெட்டது. வைட் இதற்காகக் கல்லச்சு வேலையைத் தாமே பழகினார். டாக்டர் கையில் கத்திக்குப் பதில் அச்சுக் கல் ஏறியது.

இரண்டு வரிசைகள் வெளிவரத் தொடங்கின. ஒன்று, கையால் வண்ணம் தீட்டிய படங்களும் விளக்கமும் கொண்ட நூல். மற்றது, வண்ணம் இல்லாமல் கோட்டுப் படங்களாக, மலிவாக, ஏராளமாக வந்த நூல். அதன் லத்தீன் பெயருக்குக் கிழக்கிந்தியச் செடிகளின் படங்கள் என்று அர்த்தம். இந்த இரண்டாவதுதான் வைட்டின் பெயரை நிலைநாட்டியது. வண்ணம் வைத்தால் விலை ஏறும். விலை ஏறினால் படிக்கிறவர் கைக்குப் போகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதன் முற்பகுதியில், வெளியாகாமல் கிடந்த ராக்ஸ்பரோவின் படங்கள் பலவற்றையும் பிரதி எடுத்துச் சேர்த்தார். பெட்டிக்குள் தூங்கிய படங்களுக்கும் அவரால் வெளிச்சம் கிடைத்தது.

இன்னொரு காரியமும் செய்தார். படத்தின் அடியில், அதை எழுதிய ஓவியரின் பெயரையும் அச்சிட்டார். கம்பெனிக்காரர்களுக்குப் படம் எழுதிய இந்நாட்டு ஓவியர்களில் பெரும்பாலோர் பெயர் இன்றி மறைந்தார்கள். ரங்கையாவின் பெயர் அச்சில் நின்றது.

கோவையில் பருத்தி

1842-இல் வைட் கோயமுத்தூருக்குப் போனார். கம்பெனி அவரிடம் பெரிய பொறுப்பு ஒன்றை ஒப்படைத்திருந்தது.

இங்கிலாந்தின் நெசவாலைகளுக்கு நீள இழைப் பருத்தி தேவைப்பட்டது. அது அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதே பருத்தியை இந்தியாவில் விளைவிக்க முடிந்தால் நல்லது என்று கம்பெனி எண்ணியது. அமெரிக்காவிலிருந்து விதையும், விவசாயம் தெரிந்த ஆட்களும், பஞ்சு பிரிக்கும் இயந்திரமும் தருவித்தார்கள். கோவைப் பரிசோதனைப் பண்ணைகளை நடத்துவது வைட்டின் வேலை.

பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டார். கரிசலில் விதைத்தார், செம்மண்ணில் விதைத்தார். விதைக்கும் பருவத்தை மாற்றிப் பார்த்தார். செடி முளைத்தது, பஞ்சும் கிடைத்தது. ஆனால், திட்டம் பரவவில்லை. கோவைக் குடியானவருக்குக் கைகண்ட நாட்டுப் பருத்தி இருந்தது. அது மழை தவறினாலும் தாங்கும். புதுப் பருத்தியில் கூடுதல் லாபம் நிச்சயமாக வரும் என்று தெரியாமல், அவர் ஏன் மாறுவார்?

1853-இல் பரிசோதனை முடிவுக்கு வந்தது. எதற்காகச் சம்பளம் கொடுத்தார்களோ, அந்த வேலை தோல்வி என்று எழுதப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இனத்தைச் சேர்ந்த கம்போடியாப் பருத்தி வந்து, கோவை நாட்டில் வேரூன்றியது. அதைப் பார்க்க வைட் இல்லை.

கோவிந்து வந்தார்

பகலெல்லாம் பருத்தி. மிச்ச நேரமெல்லாம் படம். கோவையில் வைட்டின் வாழ்க்கை இப்படித்தான் போயிற்று.

அண்ணாந்து பார்த்தால் நீலகிரி. கொஞ்ச தூரம் போனால் ஆனைமலை. சமவெளியில் இல்லாத செடிகள் அந்த மலைகளில் இருந்தன. மரக்கிளையைப் பற்றி வாழும் ஆர்க்கிட் செடிகள், ஈரப் பாறையில் பூக்கும் காசித்தும்பை இனங்கள், குளிரில் வளரும் புல் பூண்டுகள் என்று வைட் திரட்டிக்கொண்டே இருந்தார். நீலகிரிச் செடிகளுக்கென்று வண்ணப் படங்களோடு தனி நூலும் கொண்டுவந்தார்.

1845 வாக்கில் ரங்கையாவின் காலம் முடிந்து, கோவிந்துவின் காலம் தொடங்கியது. மீதி இருந்த பெரும் சுமை இந்த ஓவியரின் தோளில் ஏறியது. ஆர்க்கிட் பூவை வரைவது லேசான வேலை இல்லை. இதழ்கள் மடிந்தும் முறுக்கியும் இருக்கும். மகரந்தம் சின்ன உருண்டையாக ஒளிந்திருக்கும். அவற்றை எல்லாம் கோவிந்து பிரித்துக் காட்டினார்.

1853-இல் வைட்டின் படத் தொகுதி நிறைவு பெற்றது. மொத்தம் ஆறு தொகுதிகள். படங்கள் 2,101. பதினைந்து வருஷ உழைப்பு.

அந்தக் கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் குலத்துக்கு வைட் புதுப்பெயர் வைத்தார். அந்தப் பெயர் கோவிந்துயா.

செடிகளுக்குப் பெயர் வைக்கும்போது ராஜாக்களின் பெயரையும் பிரபுக்களின் பெயரையும் பெரிய அறிஞர்களின் பெயரையும் வைப்பது வழக்கம். வைட் தம் ஓவியரின் பெயரை வைத்தார். பிற்கால அறிஞர்கள் அந்தச் செடியை வேறொரு குலத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் கோவிந்துவின் பெயர் செடிநூல் ஏடுகளில் இடம்பெற்றது பெற்றதுதான்.

கடைசிக் காலம்

1853-இல் வைட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ரெடிங் நகரத்துக்கு அருகே கிரேஸ்லி என்ற இடத்தில் வீடும் நிலமும் வாங்கி விவசாயம் செய்தார். 1855-இல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது.

ஊர் திரும்பினால் நிறைய எழுதலாம் என்று பலர் எதிர்பார்த்திருப்பார்கள். அவ்வளவாக எழுதவில்லை. இந்தியாவில் இருந்தபோது ரங்கையாவும் கோவிந்துவும் பக்கத்தில் இருந்தார்கள். பறித்த பூ ஈரத்தோடு மேஜைக்கு வந்தது. அங்கே அந்த இரண்டும் இல்லை.

1871-இல் தம்மிடம் இருந்த செடிக் களஞ்சியத்தை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொடுத்தார். அங்கிருந்து அவற்றின் பிரதிகள் பல நாடுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு, 1872 மே 26-ந் தேதி, கிரேஸ்லியில் காலமானார். வயது 75.

எது மிஞ்சியது?

இன்று சித்த மருந்துக் கடைகளில் நீரடிமுத்து கிடைக்கிறது. புது மருந்துகள் வருவதற்கு முன்பு குஷ்டரோகத்துக்கு அதன் எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். அந்த மரத்துக்குச் செடிநூலில் வைட்டின் பெயரை வைத்து அழைத்தார்கள். வைத்தியர்கள் குக்குலு என்று சொல்லும் பிசினைத் தரும் மரத்தின் லத்தீன் பெயரிலும் வைட் இருக்கிறார். நீலகிரியில் விளையும் காட்டு மஞ்சளுக்குப் பெயர் வைத்தவரே அவர்தான்.

கோயமுத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென் மண்டல நிலையம் இருக்கிறது. எந்த ஊரில் அவருடைய பருத்தித் திட்டம் தோற்றதோ, அதே ஊரில் செடி ஆராய்ச்சி தழைத்திருக்கிறது.

ரங்கையாவும் கோவிந்துவும் எழுதிய மூலப் படங்களில் சுமார் 700, எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக உள்ளன. நெடுங்காலம் அவை அலமாரியிலேயே கிடந்தன. ஹென்றி நோல்டி என்ற செடிநூல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, 2007-இல் மூன்று பாகங்களாகப் புத்தகம் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே வைட்டின் பெயரோடு இரண்டு ஓவியர்களின் பெயரும் இருக்கின்றன.

அச்சான 2,101 படங்களை இப்போது கைப்பேசியிலேயே எவரும் பார்க்கலாம். காட்டில் ஒரு செடியைக் கண்டு சந்தேகம் வந்தால், ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்தப் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். வைட் செடி சேர்த்த மலைச்சரிவுகளில் பல பிறகு தேயிலைத் தோட்டமாகவும் தைல மரக் காடாகவும் மாறிவிட்டன. அங்கே முன்பு என்ன பூத்தது என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

கம்பெனி போயிற்று. அது கொடுத்த உத்தியோகம் போயிற்று. அது நடத்திய பருத்திப் பண்ணையும் போயிற்று. சம்பளம் இல்லாவிட்டாலும் விடமாட்டேன் என்று ஒரு டாக்டர் செய்த வேலை மட்டும் நிற்கிறது. கூட உட்கார்ந்து தூரிகை பிடித்த இரண்டு பேரின் பெயரும் நிற்கிறது.

ஒரகடம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் வடக்குப்பட்டு வட்டாரத்து வேலியோரத்தை ஒரு நிமிஷம் பார்க்கலாம். ஆவாரை பூத்திருக்கும். எருக்க இலையில் புழு இருக்கும். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து அதை வரையச் சொல்லலாம். இதழ் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வரைந்தால், ரங்கையா செய்த வேலையின் முதல் பாடம் அதுதான்.